தடி தாண்டிப்போன வாசல்

தடி அன்று அவள் வாசலைத் தாண்டிப் போனது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து அவள் துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தாள். மலைப்பாதையிலிருந்து பால்காரர் இறங்கி வந்தார், கையில் தடி. அவளைப் பார்த்ததும் அவர் நடை தயங்கியது. செருப்பில் ஏதோ குத்தியதுபோலக் குனிந்தார், நிமிர்ந்தார். பிறகு தெருவின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அவள் வீட்டைக் கடந்து, அடுத்த வீடான சலூன்காரர் வீட்டு வாசலில் தடியை மாட்டிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

அவள் வாசலிலும் ஓர் ஆணி இருந்தது. அவள் கணவர் அடித்தது. பன்னிரண்டு வருஷமாகப் பதினேழு நாளைக்கு ஒருமுறை தடி வந்து தொங்கிய ஆணி. அவர் போய் அன்றைக்குப் பதினாலாம் நாள்.

அந்த ஊரில் முப்பத்து நாலு வீடு. காட்டைத் தாங்களே காப்பது என்று முடிவானபோது அவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை. தினம் இரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள். ஒருவர் கையில் தடி, மற்றவர் கழுத்தில் விசில். தடிக்காரர் முன்னால் போய்ப் பார்ப்பார். விசில்காரர் பின்னால் வந்து, ஏதாவது என்றால் ஊதுவார். ஆடு மாடு புகுந்திருந்தால் ஒருமுறை, கோடாலிச் சத்தம் கேட்டால் இருமுறை, தீ என்றால் மூச்சு இருக்கும்வரை. சாயங்காலம் இறங்கி வந்து வரிசையில் அடுத்த இரண்டு வாசல்களில் மாட்டிவிட வேண்டியது. யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. உன் வாசலில் தொங்கினால் நாளைக்கு உன் முறை, அவ்வளவுதான். காவலுக்கு வந்த வீட்டுக்குத்தான் மலை மேல்சரிவில் புல் பங்கு. தொடர்ந்து மூன்று முறை வராத வீட்டுக்கு அந்த வருஷம் பங்கு இல்லை. இதெல்லாம் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தைவிட உறுதியாக இருந்தது.

அவள் இந்த ஊருக்கு வாழ வந்தபோது வயது பத்தொன்பது. அப்போது மலை மொட்டையாக இருந்தது. முதல் வாரமே மாமியார் அவள் கையில் கொடுத்தது கடப்பாரை. வெட்ட மரம் இல்லை. முந்தின தலைமுறை வெட்டிய மரங்களின் வேர்க்கட்டையைத் தோண்டித்தான் அடுப்பு எரிந்தது. "காட்டுக்குப் போறோம்" என்று சொல்லிக்கொண்டுதான் பெண்கள் கிளம்புவார்கள். அங்கே எல்லாம் இருக்கும், காடு மட்டும் இருக்காது.

அவள் கணவர் கிணறு தூர் வாருகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றின் அடியில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். வாளிகள், சாவிக்கொத்துகள், ஒருமுறை ஒரு முழு சைக்கிள். அதிகம் பேசமாட்டார். கிணற்றுத் தண்ணீர் கீழே போகப்போக, வருஷத்துக்கு வருஷம் கயிறு மட்டும் நீளமாக வாங்கிக்கொண்டு வருவார். ஒருநாள் வனத்துறை ஜீப் வந்தது. காட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், விளைவதில் உங்களுக்குப் பங்கு என்றார்கள். ஊர் அந்த ஜீப்பைச் சந்தேகமாகப் பார்த்தது. "நம்மகிட்டேர்ந்து பிடுங்கினதை நம்மளையே காவல் காக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர். தொண்டையை வைத்து அவருக்கு ஹாரன் என்று பெயர். அவள் கணவர் எழுந்து, "என்கிட்ட இனிமே கயிறு வாங்க வசதி இல்ல. நான் சேர்ந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் கூட்டத்தில் பேசியது அது ஒன்றுதான். பிற்பாடு அந்த ஹாரனே காட்டுக் குழுவுக்குத் தலைவரானார், மைக் செலவு மிச்சம் என்று.

மூன்றாம் வருஷம், மாடு மேய விடாத மேல்சரிவில் துடைப்பப் புல் ஆளுயரத்துக்கு எழுந்தது. யாரும் நடவில்லை. இத்தனை காலம் மண்ணுக்குள் எங்கே ஒளிந்திருந்ததோ. ஒரு கத்தை அறுத்துக் கட்டிப் பார்த்தது அவள்தான். இரண்டு மூன்று முறை பிடி கழன்று, வீடு பெருக்கும்போது புல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் போனது. பிறகு பிடிபட்டது. அன்றிலிருந்து புல்தான் அவள் பிழைப்பு. சரிவை முப்பத்து நாலு கீற்றாகப் பிரித்துச் சிவப்பு பெயிண்ட் அடித்த கல் நட்டார்கள். பூ முற்றியதும் ஒவ்வொரு வீடும் தன் கீற்றை அறுத்துக்கொள்ளும். மற்றவர்கள் பெரும்பாலும் புல்லாகவே விற்றுவிடுவார்கள். அவள் மட்டும் உலர்த்தி, உதிர்த்து, தரம் பிரித்து, அடுத்த அறுப்பு வரை வாசற்படியில் உட்கார்ந்து கட்டுவாள். டவுன் கடைக்காரர், "அந்தத் துடைப்பக்கார அம்மா சரக்கா?" என்று கேட்டுத்தான் வாங்குவார்.

முறைநாளில் கணவர் மலையிலிருந்து திரும்பியதும் அவள் சொம்புத் தண்ணீரை நீட்டிக் கேட்பாள்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல."

"காலையில ஆறு மணிக்குப் போயிட்டு இப்பத்தான் வர்றீங்க. ஒண்ணுமில்லாததைப் பாக்கறதுக்கு ஒரு நாளா?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கொடுப்பார். அதுதான் பதில். பன்னிரண்டு வருஷம் இதே கேள்வி, இதே சொம்பு.

ஒரு மத்தியானம் டவுன் சாலையோரம், கயிற்றுச் சுருளைத் தலைக்கு வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பத்து நாள் இருந்தாள். "என்கூட வந்துடும்மா" என்றாள். "புல் அறுப்பு முடியட்டும்" என்றாள் இவள். மகளுக்கும் தெரியும், புல் அறுப்பு முடியவே முடியாது என்று.

தடி தாண்டிப்போன மறுநாள் காலை அவள் ஹாரன் வீட்டுக்குப் போனாள்.

"நாங்க பேசி வெச்சுத்தாம்மா மாட்டல" என்றார் அவர். "இந்த நேரத்துல உனக்கு எதுக்கு அலைச்சல்? கொஞ்ச நாள் அமைதியா இரு. காடு எங்கேயும் ஓடிடாது." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. தெருக்கோடி வரை கேட்கிற தொண்டை இப்படி நொறுங்குவதைப் பார்த்ததும் கேட்க வந்ததை விட்டுவிட்டாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். சங்கடமே அதுதான். குழாயடியில் வரிசை விட்டுக்கொடுத்தார்கள். அவள் வந்தால் சிரிப்பை நிறுத்தினார்கள். சலூன்காரர் மனைவி தினம் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்து, கிண்ணத்தைத் திரும்ப வாங்கவும் கூச்சப்பட்டாள். தடி இரண்டாம் முறையும் தாண்டியது. மூன்றாம் முறை தாண்டியபோது அவள் எண்ணிப் பார்த்தாள். மூன்று முறை. காவலுக்கு வராத வீடு. கேட்டால், உனக்காகத்தானே விட்டோம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. ஆனால் பூ முற்றிக்கொண்டிருந்தது. பங்கு பிரிக்கும் நாளில் தன் வீட்டை யார் கூப்பிடுவார்கள், என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தபோது கை கட்டிக்கொண்டிருந்த முடிச்சு தளர்ந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

வாசலிலேயே உட்கார்ந்திருந்ததால் இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. தடியும் விசிலும் இப்போது வழக்கமில்லாத ஆட்களிடம் போய்க்கொண்டிருந்தன. அவள் வீட்டுக்கும் சலூன்காரர் வீட்டுக்கும்தான் எப்போதும் ஜோடி. இப்போது சலூன்காரர், அடுத்த வீட்டுத் தையல்கார அம்மாவோடு போனார். தையல்கார அம்மாவுக்கு அதற்கு முன் ஜோடி, தையல் வீட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணன். அந்த அண்ணன் இப்போது யாரோடு போகிறார் என்று பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய தம்பியோடு.

அந்த அண்ணன் தம்பி பேசிப் பதினாலு வருஷம். அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டவர்கள். சுவர் சரியாக ஜன்னலின் நடுவில் வந்ததால் ஆளுக்கு ஒரு கதவு. ஒருவர் திறந்தால் மற்றவர் சாத்துவார். ஊர் முதன்முதலில் வரிசை போட்டபோது, தானாகவே அந்தச் சுவருக்கு இப்பக்கம் ஒரு ஜோடியும் அப்பக்கம் ஒரு ஜோடியுமாக முடிந்திருந்தது. அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது ஒரு வீடு கழிந்ததும், ஜோடி ஒரு வாசல் தள்ளி வந்து, அந்தச் சுவரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அவர்கள் இருவரும் சேர்ந்து காட்டுக்குப் போகவேண்டியதாயிற்று.

போனார்கள். முறை என்றால் முறை. தம்பி தடியோடு முன்னால், அண்ணன் விசிலோடு நூறு அடி பின்னால். முதல் இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை காற்று அதிகம். மேல்சரிவின் ஓரத்தில், யாரோ தேன் எடுக்க மூட்டிய புகைக் கொள்ளியோ, வழிப்போக்கர் போட்ட பீடித் துண்டோ, காய்ந்த இலையில் பற்றியிருந்தது. தம்பி பார்த்துவிட்டார். விசில் ஊதச் சொல்லிக் கத்த வேண்டும். பதினாலு வருஷமாகக் கூப்பிடாத மனுஷனை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அண்ணா என்று நாக்கு புரளவில்லை. "யோவ் விசிலு!" என்று கத்தினார். அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். யாரைப் பார்த்து யோவ் என்கிறான்? மானம் என்று ஒன்று இல்லையா? அவர் மானத்தைப் பற்றி யோசித்து முடித்து, புகையைப் பார்த்து, விசிலை வாயில் வைப்பதற்குள் தீ புல்லுக்குள் ஏறிவிட்டது.

ஊர் ஓடியது. பச்சைக் கிளைகளால் அடித்து, மண் அள்ளிப் போட்டு, ஒரு மணி நேரத்தில் அணைத்தார்கள். அவளும் ஓடினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, தடுக்க நேரமில்லை. மரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அறுப்புக்கு ஒரு வாரம் இருந்த புல்லில் பத்துக் கீற்று கருகிப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். முதல் அரைமணி நேரம் அண்ணன் தம்பி விசாரணை.

"கூப்பிட்டா ஊதமாட்டியாய்யா?" என்றார் ஹாரன்.

"என்னைத்தான் கூப்பிடறான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"காட்டுல வேற யாரு இருந்தா? குரங்கையா கூப்பிடுவான்?"

"அவன் கூப்பிட்டது அப்படித்தான் இருந்துச்சு."

கூட்டம் சிரித்தது. தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருபத்து நாலு கீற்றுதான் மிச்சம், முப்பத்து மூணு வீடு எப்படிப் பங்கு போடுவது என்று ஆரம்பித்தார்.

"முப்பத்து நாலு" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

திரும்பிப் பார்த்தார்கள். அவள் மடியில் ஒரு கத்தை புல்லோடு உட்கார்ந்திருந்தாள்.

ஹாரன் குரலைத் தணித்தார். "உன்னை மறக்கலம்மா. காவலுக்கு வந்த வீட்டுக்குத்தான் பங்குன்னு நாமளே வெச்ச பேச்சு. அதை இன்னிக்கு மாத்தினா நாளைக்கு ஆளாளுக்கு மாத்துவான். என் பங்குல பாதி நீ அறுத்துக்க. நான் தர்றேன்."

"நீங்க தர்றது வேண்டாம்ணே. என் வீட்டுக் கீத்து வேணும்."

"காவலுக்கு…"

"நான் வராம இருக்கல. தடி வரல."

யாரோ முன்னால் முணுமுணுத்தார்: "ஒத்தப் பொம்பள, காட்டுக்குள்ள நாள் பூரா எப்படி…"

"விறகுக்குப் போறப்ப நான் யாரு, ஆம்பளையா?" என்று கேட்டாள் அவள். "முப்பது வருஷமா இதே காட்டுக்குத்தான் போறேன். அப்ப யாரும் எனக்காகக் கவலைப்படலயே."

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. தையல்கார அம்மா, "நான் போகலையா? என்னை எந்தக் குரங்கு தூக்கிட்டுப் போச்சு?" என்றாள்.

அவள் எழுந்து வந்து, வராந்தாத் தரையின் நடுவில் குந்தி, மடியிலிருந்த புல் குச்சிகளை இரண்டிரண்டாக வரிசையாக வைத்தாள். பதினேழு ஜோடி. "இது நம்ம ஊரு. இது தண்ணித் தொட்டி வீடு, இது பால்காரர் வீடு. இது என் வீடும் சலூனும். இது தையல் வீடும் அண்ணன் வீடும். இது தம்பி வீடு, பக்கத்துல தபால்காரர் வீடு." பிறகு தன் குச்சியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி மறுபடி ஜோடி சேர்த்தாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் குச்சியும் தம்பி குச்சியும் ஒட்டிக்கொண்டு நின்றன. வரிசையின் கடைசியில் ஒரு குச்சி தனியாகக் கிடந்தது.

"அது யாரு?" என்றார் ஹாரன்.

"கடைசி வீடு நீங்கதான்ணே. உங்களுக்கு ஜோடி இல்ல. சுத்திக்கிட்டு வந்து தண்ணித் தொட்டி வீட்டோட சேருவீங்க. அடுத்த சுத்துல எல்லாம் மறுபடி மாறும். மூணு மாசமா நான் வாசல்ல உக்காந்து இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவள் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். "என்மேல இரக்கப்பட்டுத்தான் எடுத்தீங்க. தெரியும். ஆனா இரக்கத்தை வெச்சுத் துடைப்பம் கட்ட முடியாதுண்ணே. அவரு போயிட்டாரு. வீடு போகல. நான் அந்த வீட்டுலதான் இருக்கேன்."

ஹாரன் குனிந்து குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவர் லாரி ஓட்டியவர், சக்கரம் கழன்ற வண்டியைப் பார்த்தால் தெரியும். கடைசியில், "அந்தக் குச்சியை இருந்த இடத்துல வை தாயி" என்றார்.

வைத்தாள்.

சலூன்காரர் உற்சாகமாக, "எனக்கு ஆட்சேபணையே இல்ல" என்றார். அவர் மனைவி உடனே, "உங்களை யாரு கேட்டா? அக்காவுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேளுங்க. நாள் பூரா உங்க பேச்சைக் கேக்கணும், பாவம்" என்றாள். அதற்குப் பிறகு கூட்டம் கூட்டம்போல இருந்தது. அவள் முன்னால் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

கருகாத கீற்றுகளையும் கருகியதில் தேறும் ஓரங்களையும் சேர்த்து முப்பத்து நாலாகப் பிரித்துச் சீட்டுப் போட்டார்கள். அவளுக்கு வந்தது தீயின் விளிம்பில் ஒரு கீற்று. மூன்றில் ஒரு பங்கு கரி. ஹாரன் தன் சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

அறுப்பு முடிந்து, மறு வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் பால்காரர் மலையிலிருந்து இறங்கி வந்தார். இந்த முறை செருப்பில் ஒன்றும் குத்தவில்லை. நேராக வந்து ஆணியில் தடியை மாட்டினார். ஆணி லேசாக ஆடியது. "ஒரு தட்டுத் தட்டிடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அரிவாள்மனையின் பின்பக்கத்தால் தட்டினாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் தடியோடு கிளம்பினாள். பிடியில், கட்டைவிரல் படும் இடத்தில் மரம் வழவழப்பாக இருந்தது. முப்பத்து நாலு வீட்டுக் கட்டைவிரல்கள். அதில் ஒன்று அவருடையது, எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் சலூன்காரர் விசிலோடு, முடி கொட்டுவதற்கு என்ன தடவலாம் என்று விளக்கிக்கொண்டே வந்தார்.

நீரூற்றுக்கு மேலே, பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. சலூன்காரர் அங்கே பேச்சை நிறுத்தினார்.

"இங்கதான் அண்ணி, அண்ணன் உக்காருவாரு."

"எவ்ளோ நேரம்?"

"தூக்குச் சட்டி காலியாகற வரைக்கும். நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவரு சாப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. ஒரு நாள் கேட்டேன், என்ன அண்ணே அப்படிப் பாக்கறீங்கன்னு. கீழே கை காட்டினாரு."

அவள் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து ஊர் முழுக்கத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், இரண்டாகப் பிரிந்த வீடு, சலூன். அதன் பக்கத்தில் ஒரு வாசற்படி, படியில் காயப்போட்ட புல்லின் மங்கிய மஞ்சள். அவள் உட்காரும் இடம் வெறுமையாக இருந்தது. மற்ற நாட்களில் இருக்காது.

தூக்குச் சட்டியைத் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சலூன்காரர் விசிலைத் துணியால் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

அன்று ஆடு வரவில்லை, கோடாலி கேட்கவில்லை, புகை இல்லை. கருகின சரிவில் புல்லின் தூர்களிலிருந்து பச்சையாக முளை விட்டிருந்தது. ஐந்து மணிக்கு இறங்கி வந்து, தையல்கார அம்மா வாசலில் தடியையும் அண்ணன் வீட்டு வாசலில் விசிலையும் மாட்டினார்கள். அண்ணன் வெளியே வந்து விசிலை எடுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு மறுபடி அந்தம்மாவோட பேச்சு. தம்பிகூடப் போனப்ப காது நிம்மதியா இருந்துச்சு" என்றார். சுவருக்கு அப்பால் யாரோ இருமினார்கள், அல்லது சிரித்தார்கள்.

சலூன்காரர் மனைவி வாசலில் நின்றிருந்தாள், கையில் ஒரு சொம்பு. கணவருக்குக் கொண்டுவந்ததைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் முதலில் நீட்டினாள்.

"என்னக்கா பாத்தே?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நாள் பத்தல."